சிங்கத்துக்கு முன்னால் வந்த சிப்பி

சிங்கப்பூர் வரலாறு எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ராஃபிள்ஸ் கட்சிக்காரர்கள், அந்த வெள்ளைக்காரர் வந்திறங்கிய 1819 என்பார்கள். கொஞ்சம் ரோஷம் உள்ளவர்கள், அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, 1299இலேயே இளவரசன் சாங் நீல உத்தமன் வந்துவிட்டான் என்பார்கள். வந்தவன் கரையில் ஒரு விலங்கைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர் யாரோ அது சிங்கம் என்றார். உடனே ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயர் வைத்துவிட்டான். இந்தத் தீவில் சிங்கம் வாழ்ந்ததே இல்லை. புலி இருந்தது, பூனை உண்டு. விலங்கை அடையாளம் தெரியாத ஒருவர் அவசரத்தில் வைத்த பெயரை வைத்துக்கொண்டு இன்று ஒரு விமான நிறுவனமே பறக்கிறது.

இந்தச் சண்டையில் சிப்பிகளை யாரும் கேட்பதில்லை. இங்கே கையில் ஆதாரத்தோடு நிற்கும் மூத்த குடி அவைதான். ராஃபிள்ஸுக்கும் உத்தமனுக்கும் ஏறக்குறைய 22 கோடி ஆண்டுகள் முன்னால் வந்து இறங்கியவை. 2014இல் அரசாங்கம் முன்னோடித் தலைமுறைக்கு மருத்துவச் சலுகை அறிவித்தபோதுகூட இவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் கல்லில் இருந்தது; கவுன்ட்டரில் காட்ட முடியவில்லை.

அந்தக் கல் தீவின் மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கிறது. துவாஸ், ஜூரோங், பாசிர் பாஞ்சாங், செந்தோசா, அதைத் தாண்டித் தென் தீவுகள் எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சேறும் மணலும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. நெடுநாளாக அதற்கு ஜூரோங் படிவம் என்று பெயர். தீவின் நடுவில் புக்கிட் தீமாவின் கருங்கல், கிழக்கே பழைய வண்டல். நம் லிட்டில் இந்தியாவுக்கு அடியில், ரோச்சோர் கால்வாய் பக்கம், கிடப்பது வெறும் கடற்களிமண். அதன் மேலடுக்கு, கடைசிப் பனியூழி முடிந்து கடல் ஏறியபோது படிந்தது. மண் கணக்கில் நேற்றுப் பிறந்த பிள்ளை. எனவே பழம்பெருமை பேசுவதானால் அங்கே இருக்கும் சிராங்கூன் சாலைக்காரர்கள் ஜூரோங்காரர்களுக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாது.

சிப்பிகள் வாழ்ந்த அந்த ட்ரயாசிக் காலத்தில் இந்த இடம் எப்படி இருந்தது? முதலில், இந்த இடமே இல்லை. ஆழம் குறைந்த ஒரு கடல். அதன் ஓரத்தில் வரிசையாக எரிமலைகள். இன்றைக்கு நாம் ஞாயிறு காலையில் மூச்சு வாங்க ஏறி, மலையேறிவிட்டோம் என்று படம் போடுகிற புக்கிட் தீமா 163 மீட்டர்தான். ஆனால் அந்தக் கருங்கல் அன்றைய எரிமலைத் தொடருக்கு அடியில் தேங்கி, அவசரமில்லாமல் ஆறிய குழம்பு. மேலே எரிமலை கக்கிய சாம்பல் கடலில் விழுந்தது. கரையிலிருந்து ஆறுகள் மணலையும் சேற்றையும் இழுத்து வந்து கொட்டின. புகைமூட்டம் என்றால் சுமத்ராவைத் திட்டுகிறோம். அந்தக் காலத்தில் புகை முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு.

தமிழ்நாடு அப்போது தெற்கே எங்கோ ஆப்பிரிக்கா, அன்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு கூட்டுக்குடும்பமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் டெதிஸ் என்ற பெருங்கடல். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடிச் சேவை இல்லை.

வந்திருந்தாலும் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம்தான். ட்ரயாசிக் காலத்தில் பூக்கும் செடி என்ற இனமே தோன்றவில்லை. அதனால் லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் மல்லிகைச் சரம் கிடையாது. வாழை இல்லை, அதனால் வாழையிலைச் சாப்பாடு இல்லை. புல் இல்லை, அதனால் நெல் இல்லை. கறிவேப்பிலை, மிளகாய், புளி, வெண்டைக்காய், தேயிலை, காப்பி எதுவும் இல்லை. மீன் இருந்தது, மீனுக்குத் தலையும் இருந்தது. ஆனால் மீன் தலைக் கறி வைக்க மற்ற எல்லாவற்றுக்கும் இன்னும் பத்துப் பதினைந்து கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும். நண்டுக் குடும்பத்தின் நிஜமான நண்டுகூட அடுத்த யுகத்தில்தான் தலைகாட்டியது. சில்லி கிராப் இல்லாத, கோப்பி ஓ இல்லாத சிங்கப்பூர். கரையில் பெரணிகளும் ஊசியிலை மரங்களும், பனையைப் போலத் தோன்றிப் பனையாக இல்லாத சைக்கஸ் வகைகளும்தான் நின்றன. உதிர்ந்த இலைகள் ஆற்றோடு போய்ச் சேற்றில் பதிந்தன. பெருக்குவதற்கு ஆளில்லாததால் அந்த இலைகளின் அச்சு இன்றும் பாறையில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில்தான் நம் சிப்பிகள் குடும்பம் நடத்தின. சிப்பிக்குத் தலை கிடையாது. அதனால் தலைவலியும் தலைமைப் போட்டியும் கிடையாது. ஒரு பாதம் உண்டு, அதை வைத்து மண்ணைத் தோண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளால் வடிகட்டி, கிடைத்ததைத் தின்று, மிச்சத் தண்ணீரை வெளியே விடும். தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் திட்டத்தை இந்த ஊரில் முதலில் நடத்தியவை அவைதான். நியூவாட்டர் என்று பெயர் மட்டும் வைக்கவில்லை.

சிப்பியின் இரண்டு ஓடுகளையும் முதுகுப்பக்கம் ஒரு நார் கட்டியிருக்கும். அந்த நாரின் இயல்பு ஓட்டைத் திறந்து வைப்பது. உள்ளே இருக்கும் தசை இறுக்கிப் பிடித்தால்தான் ஓடு மூடும். உயிர் போனால் தசை தளரும், நார் வென்றுவிடும், ஓடு தானாகத் திறந்துகொள்ளும். அதாவது உயிரோடு இருக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்து, செத்த பிறகுதான் வாய் திறக்கும். இந்தத் தீவுக்கு அந்தக் குணம் எப்போது வந்தது என்று சமூகவியல் அறிஞர்கள் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

செத்தவற்றின் மேல் சேறு விழுந்தது, அதன் மேல் சாம்பல், அதன் மேல் மணல். சில ஓடுகள் கரைந்துபோய், இருந்த இடத்தின் அச்சு மட்டும் மிஞ்சியது. பிறகு நிலத்தட்டுகள் முட்டிக்கொண்டு, படுத்திருந்த அடுக்குகளை மடக்கிச் சாய்த்துவிட்டன. அடுக்குப் பலகாரமான குவே லாப்பிஸை யாரோ கோபத்தில் இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கிவிட்டுப் போனால் எப்படி இருக்குமோ அப்படி. லாப்ரடார் பூங்காவின் கடலோரப் பாறைச் சுவரிலும் செந்தோசாவின் சிலோசோ முனையிலும் இந்தச் சாய்வை வெறுங்கண்ணால் பார்க்கலாம். மணற்கல் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் இருந்த மெல்லிய சேற்றுக்கல் கரைந்து உள்வாங்கியிருக்கும். கிடையாகப் படிந்திருக்க வேண்டிய கோடு சரிந்து கடலுக்குள் இறங்கும். பார்ப்பவர்கள் குறைவு. அங்கே போகிறவர்கள் பீரங்கியைப் பார்க்கப் போகிறார்கள்.

பாறைகளுக்கு அண்மையில் பெயர் மாற்றமும் நடந்தது. கட்டட, கட்டுமான ஆணையமும் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகமும் சேர்ந்து தீவின் அடித்தளத்தைத் திரும்பவும் வகைப்படுத்தின. ஜூரோங் படிவம் பதவி உயர்ந்து ஜூரோங் குழுமம் ஆனது. அதற்குக் கீழே துவாஸ், புலாவ் ஆயர் சாவான், பாண்டான், பூன் லே என்று நான்கு படிவங்கள். ஆற்று மணல் அதிகமான மேலடுக்குகளைத் தனியாகப் பிரித்துச் செந்தோசாக் குழுமம் என்றார்கள். கேட்டால் பேருந்து நிறுத்தப் பட்டியல் மாதிரிதான் இருக்கும். இதில் பூன் லே என்பவர் சூ பூன் லே. ஜூரோங்கில் தோட்டங்கள் வைத்திருந்தவர், பிஸ்கெட் தொழிற்சாலையும் நடத்தியவர். 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பாறைக்குக் கடைசியில் பிஸ்கெட்காரர் பெயர் கிடைத்தது. நல்ல மனிதர்தான், பிஸ்கெட்டும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மனிதர்கள் வந்த பிறகு கற்களுக்கு நடந்ததுதான் கதையின் சோகப் பகுதி. செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூலில் பாடாங் என்ற பலசாலி வருகிறான். அவன் வலையில் விழும் மீனை ஒரு பேய் தினமும் தின்றுவிட்டுப் போகிறது. ஒருநாள் அதன் தாடியைப் பிடித்து மடக்குகிறான். பேய் வரம் தருகிறேன் என்கிறது. பலம் வேண்டும் என்கிறான் இவன். அப்படியானால் நான் வாந்தி எடுப்பதைச் சாப்பிடு என்கிறது பேய். சாப்பிடுகிறான். பலம் வருகிறது. இதைக் கேள்விப்பட்ட கலிங்க நாட்டு அரசன், தன் மல்லனை ஏழு கப்பலோடு போட்டிக்கு அனுப்புகிறான். கலிங்கம் என்றால் மலாய் வழக்கில் தென்னிந்தியா முழுவதும் அடக்கம், ஆகவே நம்மாள் என்று வைத்துக்கொள்வோம். அரண்மனை வாசலில் கிடந்த பெரும்பாறையை நம்மாள் முழங்கால் வரை தூக்கினான். பாடாங் தலைக்கு மேல் தூக்கி ஆற்று முகத்துவாரத்துக்கு வீசினான். பந்தயம் ஏழு கப்பலும் சரக்கும். எல்லாம் போச்சு. சிங்கப்பூரில் நாம் வாங்கிய முதல் அடி, அதுவும் கல்லால்.

அந்த முகத்துவாரத்தில் பிற்பாடு ஒரு பெரிய மணற்கல் கண்டெடுக்கப்பட்டது. சுமார் 3 மீட்டர் உயரம், ஏறக்குறைய 50 வரி எழுத்து. பாடாங் வீசிய கல் அதுதான் என்று சொல்லிக்கொண்டார்கள். மணற்கல் என்றால் படிவுப் பாறை, நம் சிப்பிகளுக்குப் பங்காளி முறை. ராஃபிள்ஸ் படிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒருவர் காவி என்ற பழைய ஜாவா மொழி என்றார், ஒருவர் சமஸ்கிருதம் என்றார், தமிழ் என்று சொன்னவர்களும் உண்டு. யாராலும் படிக்க முடியாத எழுத்தை என்ன செய்வது? 1843இல், கோட்டை வேலைக்காகவும் ஆற்று வாயை அகலப்படுத்தவும், வெடி வைத்துத் தகர்த்தார்கள். துண்டுகள் சிலவற்றைச் சாலைக்குப் போட்டார்கள். தப்பிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றும் யாராலும் படிக்க முடியவில்லை. முழுதாக இருந்தபோதே ஓடாத தலையில் துண்டை வைத்து என்ன ஓடும்?

சுவை கண்ட பூனை விடுமா? அடுத்து 1848இல் லாப்ரடார் முனைக்கு எதிரே நின்ற நாகப்பல் பாறையைத் தகர்த்தார்கள். சீன மாலுமிகள் பல நூற்றாண்டுகளாக அடையாளம் வைத்துக் கப்பல் ஓட்டிய பாறை அது. புதிய துறைமுகத்துக்கு வழி குறுகலாக இருந்ததாம். 2005இல் அதே கரையில் அதற்கு ஒரு மாதிரி செய்து வைத்தார்கள். அசலை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு நகலுக்குத் தகவல் பலகை வைப்பது இந்த ஊரின் தனி மரியாதை.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. கடல் உயிர்களின் ஓட்டை நெருப்பில் போட்டதில் நம் பங்கு பெரியது. 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டார். களிமண் செங்கல்லாயிற்று. செங்கல்லைச் சேர்க்கச் சுண்ணாம்பு வேண்டும். சிராங்கூன் சாலையை ஒட்டிச் சுண்ணாம்புக் காளவாய்கள் எழுந்தன. இன்று நாம் லிட்டில் இந்தியா என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் இடத்துக்குத் தமிழர் வைத்திருந்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலையும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே சொன்னார்கள். சும்மா இல்லை, காளிக்குக் காவல் கொடுத்த இடமே காளவாய்ப் பேட்டை.

காளவாயில் பவளக்கல்லையும் கிளிஞ்சலையும் போட்டுச் சுட்டால் கரியமிலவாயு பிரிந்து போகும், சுட்ட சுண்ணாம்பு நிற்கும். தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து கரியமிலவாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகும். இறுகி முடிந்தபோது அது என்ன? பழையபடி கால்சியம் கார்பனேட். சிப்பி ஓடு எதனால் ஆனதோ அதே சரக்கு. கடலில் ஓடாக இருந்தது, நெருப்பில் செத்து, சுவரில் மறுபிறவி எடுக்கிறது. இந்த மறுபிறவிக்கு யாகமோ பரிகாரமோ தேவைப்படவில்லை, கொத்தனார் போதும்.

1856இலிருந்து 1861 வரை இந்தியக் கைதிகள் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரில் இந்தப் பூச்சுதான். மெட்ராஸ் சுண்ணம் என்று பெயர். மணல் கலக்காத கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்து, பூசி, காய்ந்ததும் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். பொருள் பட்டியலைப் பார்த்தால் தேவாலயம் கட்டினார்களா, பலகாரம் செய்தார்களா என்று சந்தேகம் வரும். கைதிகளுக்கு அன்றைக்கு எத்தனை முட்டை சாப்பிடக் கொடுத்தார்கள் தெரியாது, சுவர் வயிறாரச் சாப்பிட்டது.

அடுத்து வந்த தமிழர்கள் கைதிகள் இல்லை, ஆனால் வரவேற்பு கிட்டத்தட்ட அப்படித்தான். கப்பலில் காலரா, அம்மை என்று சந்தேகம் வந்தால் நேராக செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கினார்கள். 1874இலிருந்து அங்கே தனிமைப்படுத்தும் நிலையம். பின்னாளில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த மேல்தளப் பயணிகள் பலருக்கும் சிங்கப்பூர் என்றால் முதலில் அந்தத் தீவுதான். துணியைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் குளித்து, வரிசையில் நின்று, நாள் எண்ணினார்கள். அவர்கள் காலுக்கடியில் இருந்தது செந்தோசாக் குழுமத்து மணற்கல், ட்ரயாசிக் ஆறுகள் கொட்டிய மணல். கல்லும் வந்து குடியேறியது, ஆளும் வந்து குடியேறினார். கல்லை யாரும் தனிமைப்படுத்தவில்லை.

சிப்பிகளுக்கு முதல் விசாரணை நடந்தது 1906இல். மலாய் மாநிலங்களின் அரசு நிலவியலாளர் ஜே. பி. ஸ்கிரிவெனர், தஞ்சோங் பகார் பக்கத்து மவுண்ட் குத்ரி குன்றில் புதைபடிவங்களைக் கண்டெடுத்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஆர். பி. நியூட்டன் என்பவர் அவற்றைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். ஆப்பிள் நியூட்டன் இல்லை, சிப்பி நியூட்டன். 1925இல் சிங்கப்பூரின் ட்ரயாசிக் கடற்சிப்பிகள் என்று இன்னொரு கட்டுரை. பிறகு ஜப்பானிலிருந்து கோபயாஷி, தமுரா போன்றவர்கள் மலாயா, சிங்கப்பூர்ச் சிப்பிகளின் குலம் கோத்திரம் பார்த்தார்கள். பல்லாண்டுகளாக ட்ரயாசிக்கா, ஜுராசிக்கா என்று இழுபறி. கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளை வயதைக்கூட இத்தனை பேர் விசாரித்திருக்க மாட்டார்கள். கடைசியில் தீர்த்து வைத்தது சிர்கான். எரிமலைச் சாம்பலில் கிடக்கும் மணலளவு படிகம். பிறக்கும்போதே கொஞ்சம் யுரேனியத்தை மடியில் கட்டிக்கொண்டு வரும். அந்த யுரேனியம் குறிப்பிட்ட வேகத்தில் ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். அளந்தார்கள். ஜூரோங் குழுமம் ட்ரயாசிக்கின் நடுப்பகுதியிலும் பிற்பகுதியிலும் நிற்கிறது. ஜுராசிக் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டு கோடி ஆண்டு கூடிவிட்டது, பெருமை குறையவில்லை.

விசாரணை நடக்கும்போதே வீட்டை இடிப்பதும் நடந்தது. 1961இல் ஜூரோங் தொழிற்பேட்டை தொடங்கியது. சதுப்பும் குன்றும் நிறைந்த இடத்தில் தொழிற்சாலை வருமா என்று ஊரே சிரித்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அவர் குன்றை வெட்டிச் சதுப்பில் கொட்டினார். இரண்டும் தட்டையாயிற்று. தொழிற்சாலை வந்தது, வேலை வந்தது, சிரித்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அடங்கினார்கள். பொருளாதாரத்தில் அது மேதைமை, நான் மறுக்கவில்லை. ஆனால் சிப்பியின் பக்கமிருந்து பாருங்கள். பல கோடி ஆண்டு ஒரே இடத்தில் அடுக்கு கலையாமல் படுத்திருந்து, ஒரே வாரத்தில் புல்டோசரில் ஏறி, தலைகீழாகப் பக்கத்துச் சேற்றில் கொட்டப்படுவது! எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்பதுதான் புதைபடிவத்தின் முகவரி. முகவரி போன பிறகு அது வெறும் நிரப்பு மண்.

இதை அரியலூர்க்காரர் ஒருவரிடம் சொன்னால் சிரிப்பார். துவாஸ் கட்டுமானத் தளங்களில் அரியலூர், பெரம்பலூர் ஆட்களுக்குக் குறைவில்லை. அவர்கள் ஊரில் புதைபடிவம் என்றால் ஆடு மேய்க்கும் பையன் காலில் இடறுவது. காரைப் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் சுருள் சுருளாக அம்மோனைட்டுகள் கிடக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ப் போன மரம் படுத்திருக்கிறது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னது. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் சுண்ணாம்புப் பாறையாகவே திரண்டு நிற்கும், அதைத் தோண்டி சிமென்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஊரில் சிப்பியைச் சிமென்டாக்குகிறார்கள். அங்கிருந்து வந்த பிள்ளைகள் இங்கே சிப்பிப் பாறை மேல் சிமென்டைக் கொட்டுகிறார்கள். இரண்டு முனையிலும் சிப்பிக்கு நாம்தான் சம்பந்தி. வயதில் மட்டும் சிங்கப்பூர்ச் சிப்பிக்குத்தான் முதல் மரியாதை. அரியலூர்க் கடல் கிரெட்டேசியஸ், 10 கோடி ஆண்டுக்கு மேல் இளையது. ஆனால் அரியலூர்ச் சிப்பியைப் பார்க்க உலகமே வருகிறது. மூத்தவருக்கு வாசலில் பாய்கூட இல்லை.

அதற்காக இந்த ஊருக்குத் தொல்லுயிரில் ஆசை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்காக அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளை வாங்கினார்கள். விலை சுமார் 80 லட்சம் வெள்ளி. பிரின்ஸ், அப்பொலோனியா, குட்டி ட்விங்கி. 2015இலிருந்து குளிர்சாதன அறையில் நிற்கின்றன. வயது 15 கோடி. அதாவது நம் சிப்பிகளுக்குக் கொள்ளுப்பேரன் பேத்தி வயது. தண்ணீர், மணல், முட்டை, காய்கறி எல்லாம் வெளியிலிருந்து வாங்கும் நாடு, மூதாதையரையும் வெளியிலிருந்து வாங்கியதில் வியப்பில்லை. வெளிநாட்டுத் திறனாளருக்கு வீடும் வசதியும், உள்ளூர்க்காரருக்குப் புல்டோசரும். டைனோசருக்கு ஒரு கண்ணில் வெண்ணெய் என்றால், சிப்பிக்கு மறு கண்ணில் வைத்தது நிஜமாகவே சுண்ணாம்பு.

செந்தோசாவில் கூத்து இன்னும் பெரிது. யுனிவர்சல் ஸ்டூடியோஸில் ஜுராசிக் பூங்கா என்று ஒரு பகுதி. பிளாஸ்டிக் டைனோசர் தலையை ஆட்டும், உறுமும், படகில் போகிறவர் மேல் தண்ணீர் தெறிக்கும். வரிசை நீளமாக இருக்கும். அதே தீவின் பாறை, அந்த டைனோசர்களைவிட மூத்தது, டிக்கெட் இல்லாமல் சிலோசோ முனையில் வெயில் காய்கிறது. அது உறுமாது என்பதுதான் குறை.

ஜூரோங் தீவில் நடப்பதைக் கேட்டால் சிப்பிகளே வாயைத் திறந்துவிடும். முன்பு தனித்தனியாக இருந்த ஏழு தீவுகளைக் கடலை நிரப்பி ஒன்றாக்கி எண்ணெய்த் தொழிலுக்குக் கொடுத்தார்கள். அந்த ஏழில் ஒன்று, ஒரு படிவத்துக்கே பெயர் கொடுத்த ஆயர் சாவான். மேலே இடம் போதவில்லை. கீழே போனார்கள். பன்யான் படுகைக்கு அடியில் சுமார் 130 மீட்டர் ஆழத்தில், இதே படிவுப் பாறையைக் குடைந்து, ஒன்பது மாடி உயரத்துக்குக் குகைகள். 2014இல் திறந்தார்கள். 14.7 லட்சம் கன மீட்டர் எண்ணெய் கொள்ளும். மேலே 60 ஹெக்டேர் நிலம் மிச்சம். எண்ணெய் கசிந்து ஓடாதா என்று கேட்கலாம். பாறை இடுக்குகளில் நிறைந்திருக்கும் தண்ணீரின் அழுத்தம் எண்ணெயைவிட அதிகமாக இருக்கும்படி, குகைக்கு மேலே துளை போட்டுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே கசியும், எண்ணெய் வெளியே போக முடியாது. கசிந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். கச்சா எண்ணெய் என்பது என்ன? பழைய கடல்களில் மிதந்த நுண்ணுயிர்கள் செத்து, புதைந்து, வெந்தது. வளைகுடா எண்ணெயில் பெரும்பகுதி ஜுராசிக், கிரெட்டேசியஸ் கடல்களின் சரக்கு. செத்துப்போன அரபுக் கடலை விலை கொடுத்து வாங்கிக் கப்பலில் ஏற்றி வந்து, செத்துப்போன சிங்கப்பூர்க் கடலின் வயிற்றில் வாடகைக்கு வைத்திருக்கிறோம். வாடகை யாருக்குப் போகிறது என்று சிப்பிகள் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோண்டியதால்தான் தெரிந்தது. மழையும் வெப்பமும் சேர்ந்து மேல்பாறையை மண்ணாக்கிவிடும் ஊர் இது. மிச்சத்தைக் கட்டடமும் புல்லும் மூடிவிட்டன. ஆழத்துப் பாறை வெளிச்சம் பார்ப்பது, யாராவது அதன் நடுவே சுரங்கம் போட நினைத்து முன்கூட்டித் துளையிட்டுப் பார்க்கும்போதுதான். துளைக்கருவி நீள நீளமாகக் கல் உருளைகளை எடுத்துக்கொண்டு வரும். மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஆழத்தை எழுதி வைப்பார்கள். அடுக்கு கலையாமல், முகவரி கெடாமல் சிப்பிக்குக் கிடைக்கும் ஒரே மரியாதை அந்தப் பெட்டி. அந்தக் கருவியின் பக்கத்தில் மண் படிந்த காலணியோடு நிற்பவர் பெரும்பாலும் நம்மூர்க்காரரோ பங்களாதேஷ்காரரோதான்.

எனவே சிப்பிகளின் தலையெழுத்து இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். ஜூரோங் வட்டார ரயில் பாதையை நம்பிப் பயனில்லை, அது முழுக்கத் தூண் மேல் போகிறது, தூண் குழிகளில் வருகிற கல் லாரியில் ஏறிவிடும். குறுக்குத் தீவுப் பாதையின் இரண்டாம் கட்டம் நிலத்தடியில் ஜூரோங் ஏரி வட்டாரம் வரை வருகிறது. சிப்பிகள் தரப்பில் இப்போதைக்கு அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.